உங்கள் கையிலிருந்து நான் வாங்கிய முறம்

என் பிரியமான அத்தைக்கு, உங்கள் பேச்சி கும்பிட்டு எழுதுவது.

இந்த வருஷத் திதிக்கு இருந்தவர்கள்: உங்கள் மகன். பேரன் பாண்டி. பாண்டி வீட்டுக்காரி ராஜாத்தி. சிலமலையிலிருந்து பேத்தி செல்வி, அவளுடைய ஆறு மாதப் பெண் குழந்தை. உங்கள் தம்பி. அப்புறம் நான். செல்வி வீட்டு மாப்பிள்ளை வரவில்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை அன்றைக்கு அவருடையது. ஆறு இலை போட்டோம். ஏழாவதாக உங்களுக்கு ஒன்று. குழந்தைக்குத் தொட்டில்.

இந்தப் பட்டியலை இவ்வளவு சரியாக எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அத்தை. கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் போன வருஷத் திதியைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கும் இதே கூடம்தான், இதே ஆட்கள்தான். குழந்தை மட்டும் பிறந்திருக்கவில்லை. உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் ஆசையாகச் சாப்பிடும் மொச்சைக் குழம்பை இலை இலையாக ஊற்றிக்கொண்டு வந்தேன். உங்கள் மகன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“அம்மா எங்க? இலை போட்டாச்சுன்னு கூப்பிடு. அவுக வராம நான் எப்படிக் கைய வைக்க?”

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. ராஜாத்தி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். உங்கள் தம்பிதான், “அடேய், அக்கா அந்தப் படத்துல இருக்குடா,” என்றார். உங்கள் மகன் படத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். “ஆமா,” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. உங்களுக்கு மறதி ஆரம்பித்தபோது அறுபத்தைந்து. நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன், அத்தை. எட்டு வருஷம் முந்தியே வந்துவிட்டதா என்று.

திதிக்கு மூன்று வாரம் முன்னால்தான் மலையில் அது நடந்திருந்தது. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை; இதைப் படிக்கப்போகிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏலக்காயைச் செடியிலிருந்து எடுத்தால் பச்சையாக, ஈரமாக இருக்கும். அதைத் தட்டுத் தட்டாகக் கம்பிவலையில் பரப்பி, கீழே விறகு போட்டுச் சூட்டில் காயவைக்கிற கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். தீ மூட்டியதும் முதலில் ஜன்னல்களைத் திறந்து வைத்துப் புழுக்கத்தை வெளியே விட வேண்டும். புழுக்கம் போன பிறகு மூட வேண்டும். முப்பது வருஷமாக நம் மூன்று ஏக்கர்க் காயையும் பக்கத்துத் தோட்டத்துக் காயையும் அப்படிக் காயவைத்தவர் உங்கள் மகன். அவர் போட்ட காய் கிளிப்பச்சையாக வரும் என்று போடி மண்டியில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு அவர் ஜன்னலைத் திறக்கவில்லை. காலையில் பாண்டி மேலே போய்க் கதவைத் திறந்தபோது அத்தனை காயும் தேயிலைச் சக்கை நிறத்தில் கிடந்தது.

“அப்பா, காயெல்லாம் வெந்து போச்சுப்பா.”

“நான் தொறந்தேனேடா.”

“எங்க தொறந்தீங்க? தாழ்ப்பாள்ல நூலாம்படை இருக்கு.”

அதோடு திதியன்று அந்தக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. மறுநாள் பாண்டி என்னை அடுப்படியில் வந்து பிடித்தான். “அம்மா, அப்பா இனிமே மலைக்கு வர வேண்டாம். வீட்டுல மகராசனா உக்காரட்டும். சாவிய நீ வாங்கி வச்சிரு. ஊர் சிரிக்கிறதுக்கு முன்னாடி நாமளே செஞ்சிருவோம்.” அவன் கெட்டவன் இல்லை, அத்தை. கண் கலங்கித்தான் சொன்னான்.

நான் சாவியை வாங்கினேன். உங்கள் மகன் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். முந்தியில் முடிந்துகொண்டேன். “எத்தனை வருஷம் ஒழைச்சிருக்கீக, உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்,” என்றேன். சொல்லும்போதே இதே வார்த்தைகளை இதே வீட்டில் முன்பு ஒருமுறை சொன்ன மாதிரி இருந்தது. எங்கே, யாரிடம் என்று அப்போது பிடிபடவில்லை.

நாற்பது நாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருவில் ரெண்டு வீட்டுக்கு டிவிப் பெட்டி வந்துவிட்டது. போய்ப் பாருங்கள் என்றால் போக மாட்டார். பீடி மட்டும் ஒரு கட்டு இருந்தது ரெண்டு கட்டு ஆயிற்று. யாராவது வந்து பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், பதில் வராது. மலையிலிருந்து அவரோடு வேலை பார்த்தவர்கள் ரெண்டு தடவை வந்து பார்த்தார்கள், அப்புறம் வரவில்லை.

ஒரு நாள் காலை நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்னால் நாற்காலியிலிருந்து அவர் குரல்.

“கை சும்மா கெடக்குடி.”

அரிசிப் பானையைக் கீழே வைத்துவிட்டேன், அத்தை. அது உங்கள் வார்த்தை. அச்சு அசல் உங்கள் வார்த்தை.

எமர்ஜென்சி வந்த வருஷம். நீங்கள் மண்டிக்குக் காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தீர்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பீர்கள். முறத்தில் காயைப் போட்டு ஓர் உலுக்கு. பெருங்காய் ஒரு பக்கம், நடுக்காய் ஒரு பக்கம், வெடித்ததும் சொத்தையும் தனியே. நீங்கள் காயைப் பார்க்கவே மாட்டீர்கள். வாய் பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டிருக்கும், விரல் தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த ஜீப்பு லோடோடு வளைவில் நின்றுபோனது, எல்லா சேதியும் சாயங்காலம் உங்களோடு வீட்டுக்கு வரும்.

ஒரு நாள் மண்டிக் கணக்குப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். “ஆத்தா பொறுக்குன மூட்டையில நடுக்காயும் சொத்தையும் ஒன்னாக் கெடக்கு. வயசாச்சுல்ல, வீட்டுல இருக்கச் சொல்லுங்க.” எனக்கு முகம் சுட்டது. மாமியாரைச் சம்பாதிக்க அனுப்புகிறவள் என்று என்னை ஊர் பேசுமே என்ற ரோஷமும் சேர்ந்துகொண்டது. மறுநாள் நீங்கள் கிளம்பும்போது முறத்தை உங்கள் கையிலிருந்து வாங்கிப் பரணில் போட்டேன். “எதுக்கு அத்தை இந்த வயசுல? நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்.”

அதோடு நிறுத்தினேனா? குழம்புக்கு உப்பை ரெண்டு தடவை போட்டீர்கள், அடுப்படியை வாங்கினேன். கீரையோடு வேரையும் சேர்த்து ஆய்ந்தீர்கள், கீரைக்கட்டை வாங்கினேன். கடைத்தெருவுக்குப் போனவர் வேறு சந்தில் திரும்பி நின்றீர்கள், வாசலையே வாங்கிவிட்டேன். “மாமியார மகாராணி மாதிரி வச்சிருக்கா,” என்று தெரு முழுக்கச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

“கை சும்மா கெடக்கே, பேச்சி,” என்றீர்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? நான் துளசிமணி மாலையைக் கையில் கொடுத்து, சாமி பேரைச் சொல்லிக்கொண்டு உட்காருங்கள் என்றேன். சாமி பேர் நல்லதுதான், அத்தை. ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே.

கடைசி மாதங்களில் பேச்சு நின்றுபோய்ப் படுத்திருந்தீர்கள். போர்வை ஓரத்தில் உங்கள் விரல்கள் மட்டும் ஓயாமல் எதையோ எடுத்து, உருட்டி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்துக்கொண்டே இருந்தன. அது நோய் என்று நினைத்து நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவேன். பெருங்காய், நடுக்காய் என்று இப்போதுதான் தெரிகிறது.

அன்று காலை நான் என் நோட்டை எடுத்தேன். உங்களுக்குத் தெரியும், பிள்ளைகளின் சிலேட்டைப் பார்த்து நானாக எழுத்துக் கூட்டிப் பழகியவள், எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. முன்பக்கம் வீட்டுச் செலவு. பின்பக்கம், ஸ்டோரில் காய் கெட்ட நாளிலிருந்து, அவர் எதை மறக்கிறார் என்று தேதி போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தேன். யாரிடமும் காட்டியதில்லை. மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டு, அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

பக்கத்தைப் புரட்டினால் கண் முன்னால் இருக்கிறது. சாவியை வாங்குவதற்கு முன்னால் வாரத்துக்கு ரெண்டோ மூன்றோ வரி. வாங்கின பிறகு ஒரு நாளைக்கே ரெண்டு மூன்று வரி. என் கையெழுத்துத்தான், அத்தை. வேறு யாரைக் கேட்க?

அந்த வாரமே நோட்டையும் அவரையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறினேன். பாண்டி, “வயசானா வர்றதுதானம்மா, இதுக்கு எதுக்கு மதுரை?” என்றான். “அப்பத்தாவுக்கும் இதத்தான் சொன்னோம்,” என்றேன்.

அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா நோட்டைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். அவசரப்படவில்லை. கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார், கொஞ்ச நேரம் படுக்க வைத்து மறுபடி கட்டிப் பார்த்தார். “எத்தனை வருஷமா இந்தப் பிரஷரோட மலை ஏறி இறங்கிட்டிருக்கார்?” என்று என்னைக் கேட்டார். எங்களுக்கு என்ன தெரியும்? தலைவலி என்றால் சுக்குப் பற்றுப் போடுவோம். சர்க்கரையும் பார்க்கச் சொன்னார், அது இல்லை. பிறகு அவர் முதுகுப் பக்கம் போய் நின்றுகொண்டு மெதுவாக, “பெரியவரே, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்றார். உங்கள் மகன் எதிரில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“பாத்தீங்களாம்மா? இவருக்கு இது மறந்து போச்சா, இல்ல காதுலயே விழலையா?”

நான் நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ‘செல்வி மாசமாக இருப்பதைச் சொன்னேன், மறந்துவிட்டார்.’ நான் எங்கிருந்து சொன்னேன்? அடுப்படியிலிருந்து, இட்லிப் பானையைப் பார்த்துக்கொண்டு. ‘எண்ணெய் வாங்கி வரச் சொன்னேன், வெறுங்கையோடு வந்தார்.’ அது வாசலில் பஸ்சு உறுமிக்கொண்டு நின்றபோது சொன்னது. பாதி வரிகள் அப்படி இருந்தன. மீதிப் பாதி அப்படி இல்லை. ஸ்டோர் ஜன்னல் அப்படி இல்லை. அம்மாவைக் கூப்பிடு என்றது அப்படி இல்லை.

டாக்டரம்மா எதையும் மூடி மறைக்கவில்லை. “மூளைக்கும் ரத்தந்தாம்மா சாப்பாடு கொண்டு போகுது. உங்க தோட்டத்துல ரப்பர் ஓசுல வேகமாத் தண்ணி அடிச்சு அடிச்சு விட்டா ஓசு என்ன ஆகும்? அந்த மாதிரி பிரஷர் ஏறியே இருந்தா உள்ள இருக்கிற சின்னச் சின்னக் குழாய் கெட்டுப்போகும். பீடி அத இன்னும் கெடுக்கும். காது கேக்கலைன்னா மனுஷன் பேச்ச விட்டுருவான், பேச்சு போனா மூளைக்கு சோலி இல்ல.”

“அவுக அம்மாவுக்கு இருந்துச்சு. ரத்தத்துல வர்றதா?” என்றேன்.

“வரலாம். வராமலும் இருக்கலாம். அத நீங்களும் நானும் மாத்த முடியாது. மத்தத மாத்தலாம். அதுனால நின்னுரும்னு நான் எழுதித் தர முடியாது. ஆனா செய்யாம இருக்கிறதுக்கு ஒரு காரணமும் இல்ல.”

உப்பு எவ்வளவு சேர்ப்பீர்கள் என்று கேட்டார். எல்லோரும் ‘எப்பவும் போலத்தான்’ என்பார்களாம். நான் நோட்டின் முன்பக்கத்தைத் திறந்து, நாலு பேருக்கு ஒரு படி கல் உப்பு பதினைந்து நாள்கூட வரவில்லை, அதுபோக ஊறுகாய், கருவாடு, மலைக்குக் கட்டிக் கொடுக்கும் மோர்மிளகாய் என்று வாசித்தேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். “இந்த மாதிரி நோட்டோட யாரும் வந்ததில்லம்மா.”

வெளியே வரும்போது ஒன்று கேட்டேன். கேட்காமல் வர முடியவில்லை. “மறதி வந்தவுகள ஒரு சோலியும் கொடுக்காம உக்கார வச்சா நல்லதா, டாக்டர்?”

“உக்கார வைக்காதீங்க. முடிஞ்ச வேலைய, தப்பாச் செஞ்சாலும் செய்ய விடுங்க. கூட ஆள் இருக்கட்டும்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்மா?” என்றார். நான் ஒன்றுமில்லை என்றேன். ரயிலில் உசிலம்பட்டி தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் நல்ல சேதி, அத்தை.

மாத்திரை ஆரம்பித்தோம். தினக் காலண்டரில் தாள் கிழிப்பது உங்கள் மகன் வேலை. மாத்திரை போட்ட பிறகுதான் கிழிக்கலாம் என்பது என் சட்டம். அதனால் அவருக்குக் கிழமையும் மறப்பதில்லை, மாத்திரையும் மறப்பதில்லை. நான் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் கிழித்த தாளை என்னிடம் நீட்டுவார், ராகுகாலம் பார்த்துக்கொள்ளச் சொல்லி. உப்பு ஒரு படி ஒரு மாதம் தாண்டி வருகிறது. முதல் வாரம் ராஜாத்தி சோற்றைப் பிசைந்துகொண்டே, “அத்தை, நமக்கும் சேத்தா பத்தியம்?” என்றாள். “ஆமாத்தா, இந்த வீட்டு ரத்தந்தான ஒம் பிள்ளைக்கும் வரப்போகுது,” என்றேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டாள்.

பீடி லேசில் போகவில்லை. உங்கள் தம்பி ஒரு வழி பண்ணினார். விடிந்ததும் வந்து, “வாடா மருமகனே, மலைக்கோயில் படி ஏறுவோம். பீடி குடிச்சா ஏற முடியாது, ஏறிட்டா அங்க பீடி குடிக்க முடியாது,” என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார். எழுபது வயது அவருக்கு. ரெண்டு பேரும் படிக்குப் படி நின்று நின்று ஏறுகிறார்கள். நீங்கள் சின்ன வயதில் யாரை அடித்தீர்கள், யார் வீட்டு மாங்காயைத் திருடினீர்கள் எல்லாம் வெளியே வருகிறது. இரண்டு கட்டு இப்போது நாளைக்கு ஒரு பீடி, சாப்பாட்டுக்குப் பின்னால். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். அதையும் விட வைப்பேன்.

காது மிஷின் வந்த கதையைக் கேளுங்கள். சட்டைப்பையில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு கம்பி. மாட்ட மாட்டேன் என்று ஒரு மாதம் அலமாரியில் கிடந்தது. முதல் நாள் மாட்டிக்கொண்டு போனதும் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் ரேடியோ என்று நினைத்து, “என்ன அண்ணே, மேட்ச் ஸ்கோர் என்ன?” என்று கேட்டானாம். கடைசியில் செல்வி பிரசவத்துக்கு வந்திருந்தபோது, பேத்தி அழுவது கேட்கவில்லையே என்று அவராகவே மாட்டிக்கொண்டார். தொட்டில் பக்கம் போய்க் குனிந்து கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏண்டி, இத்தனை வருஷமா நீ இப்படியா முணுமுணுத்துக்கிட்டு இருந்த?” என்றார்.

பாதி சாமி பேர், பாதி அவரைப் பற்றி. அவருக்குக் காது கேட்காது என்ற தைரியத்தில் சொன்னவை. இப்போது முழுக்கச் சாமி பேராக மாற்றிக்கொண்டுவிட்டேன்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். மலை கேரளாப் பக்கம், பஸ்சு போர்டெல்லாம் மலையாளத்தில் இருக்கும், இவர் ஆட்களைக் கேட்டுத்தான் ஏறுவார். டீக்கடைச் சேட்டனிடம் இப்போது எழுத்துப் படிக்கிறார். அவர் பழைய பேப்பரில் எழுதிக் காட்ட, இவர் பார்த்து எழுதி வந்து என் நோட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார். “நம்ம எழுத்துக்கு வால் மொளைச்சாப்புல இருக்குடி. ஆனா படிச்சிருவேன்.” எனக்கும் ஆசை வந்துவிட்டது. ராத்திரிச் சமையல் முடிப்பதற்குள் நானும் நாலு எழுத்து எழுதிப் பார்க்கிறேன். என் தலையும் வயசாகிற தலைதானே.

மலைக்கு எப்படிப் போனார் என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கும் பாண்டிக்கும் சண்டை வந்தது.

இந்த ஆவணியில் காய் எடுக்க ஆரம்பித்ததும் நான் முந்தியிலிருந்து சாவியை அவிழ்த்து உங்கள் மகன் கையில் வைத்தேன். பாண்டி கொதித்துவிட்டான். “ஒனக்கும் மறந்து போச்சாம்மா? போன தடவ என்ன ஆச்சு? இன்னொரு லோடு வெந்து போச்சுன்னா?”

“போகட்டும்.”

“என்னம்மா பேசுற? போகட்டுமா?”

“காய் அடுத்த வருஷம் செடியில வரும்டா. ஒங்கப்பன் வர மாட்டாரு. ஒங்கப்பத்தா கையில இருந்து மொறத்த வாங்குனவ நான். திருப்பிக் கொடுக்க எனக்கு நாள் கெடைக்கல.”

அதுவரை அந்த முறத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. பாண்டி வெளியே போய்விட்டான். உங்கள் மகன் காதில் மிஷின் இருந்தது. எல்லாம் கேட்டிருக்கும். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, “வெரசா கிளம்பு, ஜீப்பு போயிரும்,” என்றார் என்னிடம்.

நானும் கூடப் போனேன். ஸ்டோர்க் கதவில் சாக்குக்கட்டியால் பெரிசு பெரிசாக எழுதினேன்: தீ. ஜன்னல் திற. மணி அடித்ததும் ஜன்னல் மூடு. காயைப் புரட்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கட்டம். செய்தபின் அவரே கோடு போட வேண்டும். மணிக்கு ஓர் அலாரக் கடிகாரம். அவர் வாசித்துப் பார்த்து, “நான் சொல்லிக் கொடுத்தத எனக்கே எழுதிக் காட்டுறியா?” என்றார். கோபம் இல்லை. ஜன்னல் தாழ்ப்பாளில் முதல் தடவை கை வைத்தபோது எந்தப் பக்கம் தள்ளுவது என்று அவர் தடவிப் பார்த்தார். நான் போய்த் திறக்கவில்லை, அத்தை. அப்படியே நின்றேன். முறத்தை வாங்குவது எளிதாக இருந்தது. வாங்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காலையில் முதல் ஜீப்பில் பாண்டி மேலே வந்துவிட்டான். நேராக உள்ளே போய் ஒரு கை காயை அள்ளிக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினான். கலகலவென்றது. வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து பார்த்தான். கிளிப்பச்சை.

“எப்படிப்பா?”

“கதவுல எழுதியிருக்குல்ல. ஒனக்குப் படிக்கத் தெரியாதா?” என்றார் உங்கள் மகன்.

பாண்டி சிரித்தான். சிரித்துக்கொண்டே கதவுப் பக்கம் திரும்பி வெகுநேரம் அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழுகிறான் என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் சேட்டன் பேர் வரவில்லை அவருக்கு. ஒரு நாள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். நோட்டின் பின்பக்கம் இன்னும் வரிகள் விழுகின்றன, வாரத்துக்கு ஒன்று ரெண்டாக. இது நிற்குமா, மெதுவாகப் போகுமா, டாக்டரம்மாவுக்கே தெரியாது. ஆனால் இந்த நாட்கள் அவருடையவையாக இருக்கின்றன. உங்களுடைய கடைசி மூன்று வருஷத்தில் எத்தனை நாளை இப்படி நான் உங்களுக்குக் கொடுத்திருக்கலாம்? ஒன்றாவது? டாக்டரம்மாவிடம் இதையும் பின்னொரு தடவை கேட்டுவிட்டேன். உக்கார வைத்ததால்தான் என்று யாராலும் சொல்ல முடியாதம்மா என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா?

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். இந்த வருஷம் இலை போடுமுன் உங்கள் மகன் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, “நோட்டக் கொண்டா, யார் யார் இருக்கோம்னு எழுதிக்கோ,” என்றார். ஒவ்வொரு பேராகச் சொன்னார். தன்னையும் விடவில்லை. மாப்பிள்ளைக்கு இன்றைக்குத் தண்ணீர் முறை என்பதைக்கூட அவர்தான் சொன்னார், நான் மறந்துபோயிருந்தேன். மேலே நான் எழுதியிருப்பது அவர் சொன்னபடிதான், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

கடைசியில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். போன வருஷம் எல்லோர் மனசிலும் இருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்கும் போல. உங்கள் படத்துக்கு முன்னால் போய் ஏழாவது இலையைத் தன் கையால் விரித்தார். “இது அம்மாவுக்கு. அவுக வர மாட்டாக, தெரியும் எனக்கு. காக்காய்க்கு வைங்க,” என்றார். பிறகு பரணைக் காட்டி, “அந்த மொறத்த எறக்கு,” என்றார் பாண்டியிடம்.

தூசி தட்டி வாங்கிக்கொண்டார். மலையிலிருந்து கொண்டு வந்த புதுக் காய் ஒரு படியை அதில் கொட்டி, உங்கள் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் நானும் எதிரில் உட்கார்ந்துகொண்டேன். பெருங்காய் ஒரு பக்கம், நடுக்காய் ஒரு பக்கம். குழந்தை தொட்டிலிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

செல்விதான், “அப்பத்தாவுக்கு எழுதுறத மத்தவுகளும் படிக்கட்டும்மா, எத்தனை வீட்டுல இப்படி உக்கார வச்சிருக்காகளோ,” என்றாள். அதனால்தான் இதை மூடி ஒட்டாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அத்தை. உங்கள் மகன் கையிலிருந்து இனி எதையும் நான் வாங்க மாட்டேன். தப்பாகச் செய்தாலும் பக்கத்தில் நிற்பேன். மாத்திரையும் உப்பும் நடையும் பேச்சும் என் பொறுப்பு. ஒரு நாள் என் பெயரே அவருக்கு மறந்துபோனாலும் முறம் அவர் கையில்தான் இருக்கும். முறம் இனி பரணுக்குப் போகாது.

என் மேல் உங்களுக்கு வருத்தம் உண்டா, இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். கனவில் வந்து சொன்னாலும் சரி, வேறு எப்படிச் சொன்னாலும் சரி. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

உங்கள் மகன் வீட்டுக்காரி, உங்கள் மருமகள்,
பேச்சியம்மாள்